பட்டியலில் ஏறாத பெயர்கள்: சென்னை சங்கமம் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொங்கலையொட்டி நடக்கிற நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமத்தை நடத்துகிற கலை பண்பாட்டுத் துறையினருக்கும், கலைக்குழுக்களைத் தேர்ந்தெடுக்கிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

தீபாவளிப் புகை அடங்கியதும் நாட்டுப்புறப் பாட்டு ரசிகர்களிடம் ஒரு பழக்கம் தலைகாட்டும். வருகிற பொங்கலுக்கு யாரெல்லாம் சென்னைக்கு வரவேண்டும் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுவோம். இவரை எப்படி விட்டாய் என்று ஒருவர் சண்டைக்கு வருவார். இன்னொருவர் போன வருடப் பட்டியலையே தூசி தட்டி எடுத்து வருவார். டிக்கெட் இல்லாத விழா, ஆசைக்கும் காசு கிடையாது என்பதால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

நீண்டாலும் ஏறக்குறைய எல்லாப் பட்டியலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செந்தில் கணேஷ், ராஜலட்சுமி. அந்தோணிதாசன். சின்னப்பொண்ணு. புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி. போட்டவர் இளவட்டமாக இருந்தால் ராப் பாடகர் அறிவு, கானா இசைவாணி, கிடாக்குழி மாரியம்மாள். கொஞ்சம் வயதானவராக இருந்தால் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். அதற்கு மேல் பேனா நகராது. போதாக்குறைக்கு, 2020-லேயே காலமாகிவிட்ட பரவை முனியம்மாவையும் சிலர் எழுதி வைப்பார்கள்.

இவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்னப்பொண்ணுவின் ‘நாக்க முக்க’ 2008-இல் ஊரையே ஆட்டியது. அதற்கு முன்பே அவர் மேடையில் பாடிக்கொண்டிருந்தவர். அந்தோணிதாசன் கரகாட்ட மேடைகளிலிருந்து வந்தவர். கிடாக்குழி மாரியம்மாளைக் ‘கர்ணன்’ படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். பாட்டு அவருக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். நான் சொல்ல வருவது வேறு. இந்தப் பெயர்கள் எல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியவந்தன என்று பாருங்கள். சினிமா சொன்னது, டி.வி. சொன்னது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு வானொலியும் கேசட்டும் சொன்னது. யாராவது பெயரைச் சொன்ன கலைஞரைத்தான் ரசிகன் ஆசைப்பட்டுக் கேட்கிறான். பெயரே தெரியாதவரை எப்படிக் கேட்பது?

மார்கழி சபாக்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று நேரத்தோடு அச்சாகியிருக்கும். பாடகரைப் பிடிக்காவிட்டாலும் மிருதங்கக்காரருக்காகப் போய் உட்காருகிற ரசிகர்கள் அதனால்தான் உண்டானார்கள். நாட்டார் கலைக்கு என்ன அச்சடிக்கிறோம்? கோயில் கொடை நோட்டீஸ் ஆகட்டும், கல்லூரி விழா ஆகட்டும், அரசியல் மாநாடு ஆகட்டும், ‘கரகாட்டம், ஒயிலாட்டம், மயிலாட்டம், பறையாட்டம்’ என்று கலையின் பெயர் இருக்கும். ஆடுகிறவர் பெயர் இருக்காது. மிஞ்சிப் போனால் குழுத் தலைவர் பெயரும் செல்போன் எண்ணும், அடுத்த ‘ஆர்டர்’ பிடிப்பதற்காக.

இந்தப் பழக்கம் சோம்பலால் வந்ததாக நான் நினைக்கவில்லை. பறை அடிப்பவரைச் சாவு வீட்டுக்கு ஆள் அனுப்பி வரச்சொன்ன ஊர்களில் அவரைச் சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூத்தாடி, மேளக்காரன் என்பதோடு மற்றவர்கள் முடிந்தார்கள். பெயர் சொல்லாமலிருப்பது மரியாதைக்குறைவாகவே யாருக்கும் படாத அளவுக்கு அது ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கத்தை ஓர் அரசு விழா உடைக்காவிட்டால் வேறு யார் உடைப்பார்கள்?

ஆகவே என் ஆசைப் பட்டியலில் முதலில் வருவது ஆள் இல்லை, அச்சுத்தாள். எந்தப் பூங்காவில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த ஊர்க் குழு, அதில் யார் யார் என்று முழு நிரலையும் மார்கழி முதல் வாரத்திலேயே வெளியிடுங்கள். நையாண்டி மேளம் என்றால் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு என ஒவ்வொருவர் பெயரும் வேண்டும். கரகாட்டத்தில் எல்லோர் கண்ணும் கரகத்தின் மேல் இருக்கும். விஷயம் தெரிந்தவன் காது மட்டும் பம்பைக்காரரிடம் இருக்கும். அந்தப் பம்பைக்காரர் யார், அடுத்து எந்த ஊர்த் திருவிழாவில் அவரைக் கேட்கலாம் என்று தெரியாமலே நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். தொகுப்பாளர் மேடையேறி ‘நம் மண்ணின் பாரம்பரியக் கலை’ என்று இரண்டு நிமிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எட்டுப் பெயர்களையும் எட்டு ஊர்களையும் வாசித்துவிடலாம்.

பெயர்களைத் தேடி அலையவும் வேண்டாம். ஒவ்வொரு மாவட்டக் கலை மன்றமும் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று வயதுவாரியாக விருது கொடுக்கிறது. கலை முதுமணி 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் தொடங்கப்பட்டது. உங்கள் விழா பிறந்ததும் அதே ஆண்டுதான். அடையாள அட்டை வைத்திருக்கிற கலைஞர்கள் எத்தனையோ பேர். இத்தனை பெயர்களும் உங்கள் அலுவலகத்துக் கோப்புகளில் இருக்கின்றன. கலை முதுமணி பெற்றவர்களின் பட்டியலை மட்டும் ஊர், கலை, வாத்தியம் என்ற விவரத்தோடு வெளியிட்டுப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்கு எங்கள் பட்டியல் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் வானொலியைச் சொல்வேன். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி அறியப்பட்டவர். 1985-இல் ‘ஆண்பாவம்’ வந்தபோது அந்தக் குரலைத் தெரிந்தவர்கள் தென்மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்தார்கள். கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார், கேசட் போட்டார், கேட்டவர்களுக்கு இன்றும் அவர் குரல் ஞாபகம் இருக்கிறது. அவர் 2016-இல் போனார். வில்லிசைப் பூங்கனி 2018-இல், சுப்பு ஆறுமுகம் 2022-இல், கருப்பாயி 2025-இல். நாங்கள் பட்டியலில் ஏற்றுவதற்குள் ஆள் போய்விடுகிறார் என்பதுதான் இந்தத் துறையில் நடப்பது. கடைசிக் காலத்தில்தான் பூங்கனியைப் பலருக்குத் தெரியவந்தது. அதற்குள் அவர் மேடையை விட்டு ஒதுங்கிப் பல காலம் ஆகியிருந்தது.

டெல்லிக்காரர்களே நம்மை முந்துகிறார்கள். 2018-இல் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், 2021-இல் சுப்பு ஆறுமுகம், 2024-இல் வள்ளி ஒயில் கும்மி பத்ரப்பன், 2025-இல் பறையிசை வேலு ஆசான் என்று பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்ரப்பன் பெயரையும் வேலு ஆசான் பெயரையும் அந்த அறிவிப்புக்கு முன்னால் எத்தனை ரசிகர் பட்டியலில் பார்த்திருப்போம்?

சரி, பீடிகை போதும். என் பட்டியலுக்கு வருகிறேன். பாதிக்கு என்னாலும் ஆள் பெயர் சொல்ல முடியாது. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வில்லுப்பாட்டு. சென்னைக்கு வில்லுப்பாட்டு புதிதில்லை. சுப்பு ஆறுமுகம் அதைக் கோயில் வாசலிலிருந்து நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தார், இப்போது மகள் பாரதி திருமகன் நடத்துகிறார். ஆனால் நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கொடைவிழாவில் கேட்கிற வில்லுப்பாட்டு வேறு ருசி. சுடலைமாடன் கதையையோ முத்துப்பட்டன் கதையையோ எடுத்துக்கொண்டு, வலத்தே பாடுகிறவரும் இடத்தே பாடுகிறவரும் ஒருவரை ஒருவர் உசுப்பிவிட்டு, குடக்காரர் அடியைக் கூட்டக் கூட்ட, சாமி வருகிற கட்டத்தில் கூட்டம் எழுந்து நிற்குமே, அது. அதைப் பதினைந்து நிமிடத்தில் கேட்க முடியாது. பதினைந்து நிமிடத்தில் காப்புப் பாட்டும் குருவணக்கமும்தான் முடியும். அதனால்தான் நகரத்து மேடையில் வில்லுப்பாட்டு என்றால் ஹெல்மெட் போடச் சொல்வதும் மழைநீர் சேகரிக்கச் சொல்வதுமாக ஆகிவிட்டது. குழுவினரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கதை சொல்ல நேரம் கொடுக்காவிட்டால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

அதே வட்டாரத்துக் கணியான் கூத்து இன்னும் அரிது. அண்ணாவி கதை பாட, மகுடம் என்ற தோல் வாத்தியங்கள் இரண்டு பேச, பெண் வேடமிட்ட ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள். உச்ச மகுடமும் மந்த மகுடமும் சேர்ந்து எழுப்புகிற சத்தத்தை ஒருதரம் கேட்டவன் அடுத்த கொடைக்கும் பஸ் ஏறிவிடுவான். கைவெட்டுச் சடங்கெல்லாம் சுடலைமாடன் முன்னால் நடக்க வேண்டியது. அதை மேடையில் செய்து காட்டச் சொல்லாதீர்கள். மகுடப் பாட்டு மட்டும் போதும். நெல்லைப் பக்கத்துக் கணியான் குழு ஒன்றை, அண்ணாவி முதல் பின்பாட்டுக்காரர் வரை பெயர் போட்டு, இரண்டு மணி நேரம் உட்காரவையுங்கள்.

கொங்கிலிருந்து கும்மி வருவதைப் பற்றிக் கவலை இல்லை. வள்ளி கும்மிக்கு இப்போது கூட்டம் தானாகச் சேர்கிறது. நான் கேட்பது உடுக்கடிப் பாட்டு. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடுகிற ஆசான்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். 1960-களில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அந்தக் கதை முழுவதையும் டேப்பில் பதிவு செய்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டதை நம் ஊர்க்காரர்கள் ஒரு மாலையாவது கேட்கலாம். அவர்கள் போரில் மடிகிற படுகளம் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட ஒரு மாலைக்குத் தாங்கும்.

வடக்கே வந்தால் தெருக்கூத்து. புரிசையைச் சொல்லாமல் எந்தப் பட்டியலும் முழுமையாகாது; கண்ணப்ப தம்பிரான் வழியில் அந்த ஊர் இன்றும் கூத்து நடத்துகிறது. கூத்தைப் பார்க்கிறவர்கள் வேடத்தையும் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் போட்டோ எடுக்கிறார்கள். முகவீணை ஊதுகிறவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்தச் சின்னக் குழல் இல்லாவிட்டால் கூத்துக்குத் தொண்டையே கிடையாது, ஊதுகிறவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். முகவீணைக் கலைஞர்கள் நான்கைந்து பேரை ஒரே மேடையில் உட்காரவைத்து, கூத்தில் வருகிற ராகங்களை மட்டும் வாசிக்கச் சொன்னால் முதல் வரிசையில் நான் இருப்பேன். இதை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நீலகிரியிலிருந்து கோத்தர் பழங்குடியினரின் குழலையும் தோல் வாத்தியங்களையும் கேட்க ஆசை. ஆனால் அவர்களுடைய கம்பட்டராயர் திருவிழா நாள்களைப் பார்த்துத்தான் அழைக்க வேண்டும். இருளர் பாட்டுக்கு அட்டப்பாடி நஞ்சியம்மாவைக் கேட்கிறேன். அட்டப்பாடி கேரளத்தில் இருந்தால் என்ன, இருளர் கோவைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர் 2022-இல் தேசிய விருது வாங்கியபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு பாய் விரித்துவையுங்கள்.

சென்னைக்கே உரிய நாட்டார் பாட்டு கானா. பெயரிலேயே சென்னை இருக்கிற விழாவில் அது விருந்தாளி மாதிரி ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகக் கூடாது. 2018-இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறிய பிறகு கானாவுக்குப் புதிய காதுகள் கிடைத்தன, இசைவாணி உலகத்துக்குத் தெரிந்தார், 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ மேடையிலும் அது ஒலிக்கிறது. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் சாவு வீட்டில் விடிய விடிய, இறந்தவரின் பெயரைச் சேர்த்து அங்கேயே கட்டிப் பாடுகிற மரண கானாவின் மூத்த பாடகர்கள் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் இருக்கிறார்கள். அவர்களை அழைப்பதற்கு ரயில் டிக்கெட்கூடத் தேவையில்லை.

இனி, குழுவே இல்லாதவர்கள். நடவுப் பாட்டு, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி பாடுகிற பெண்கள். கலைக்குழுவாகப் பதிவு செய்து, நிகழ்த்திக் காட்டித் தேர்வாகி வருகிற முறையில் இவர்கள் வர வழியே இல்லை. இவர்களுக்குக் குழுப் பெயர் கிடையாது, சீருடை கிடையாது. பலர் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில் விசாரித்தால் ‘அந்த அக்காதான் நல்லாப் பாடும்’ என்று ஒருவரைக் கைகாட்டுவார்கள். அந்தக் கைகாட்டல்தான் இந்தக் கலைக்குத் தேர்வுக் குழு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் படித்த எத்தனையோ பேர் வாய்மொழிப் பாட்டுகளைச் சேகரிக்க ஊர் ஊராக அலைந்தவர்கள். அவர்களைக் கேட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சொல்வார்கள். ஒப்பாரியைப் பொங்கலன்று மேடையேற்றலாமா என்று சிலர் தயங்கலாம். நல்ல நாளில் வேண்டாம் என்றால் காணும் பொங்கலுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம். பாடுகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

இதற்கெல்லாம் நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிக்க வேண்டும், ஒரு மேடைக்கு ஏழெட்டுக் குழுக்கள். வந்து போகிற குடும்பங்களுக்கு அந்தக் கதம்பம் பிடிக்கிறது என்பதும் உண்மை. பஞ்சுமிட்டாய் கேட்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் இரண்டு மணி நேரம் கதை கேட்க முடியாது. அதை மாற்றச் சொல்லவில்லை. 2025-இல் விழா 18 இடங்களில் நடந்தது. அதில் பதினேழு கதம்பமாகவே இருக்கட்டும். ஒரே ஒரு இடத்தை மட்டும் நீண்ட நிகழ்ச்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு மாலை ஒரு கலை, ஒரு குழு. நாற்காலி வேண்டாம், பாய் போதும். கூட்டம் குறைவாகத்தான் வரும். வருகிறவர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

சினிமாவில் பெயர் வாங்கியவர்களை எங்கே வைப்பது என்பதற்கும் யோசனை உண்டு. தனி மேடை கொடுத்தால் கூட்டம் அங்கே போய்விடும், பக்கத்து மேடையில் ஒயிலாட்டக்காரர்கள் காலி இடத்துக்கு ஆடுவார்கள். அதே மேடையில் கடைசியாகப் பாடவையுங்கள். அவரைப் பார்க்க முன்கூட்டியே வந்து இடம் பிடிக்கிறவர்கள் அதற்கு முந்தைய மூன்று குழுக்களையும் பார்த்தாக வேண்டும். முடிந்தால் கடைசிப் பாட்டை அந்தக் குழுக்களோடு சேர்ந்து பாடச் சொல்லுங்கள், டிராக் போடாமல். டிராக் போட்டுப் பாடுவதாக இருந்தால் நாங்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்வோம்.

நாளும் முக்கியம். அவனியாபுரத்தில் தை முதல் நாள், பாலமேட்டில் இரண்டாம் நாள், அலங்காநல்லூரில் மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டு. வேலு ஆசானின் ஊர் அலங்காநல்லூர். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர்களை அந்த மூன்று நாள்களில் சென்னைக்கு இழுப்பது எங்களுக்கு வசதியாக இருக்கலாம், அவர்கள் ஊருக்கு நஷ்டம். அவர்களைத் தொடக்க விழாவுக்கோ கடைசி நாளுக்கோ வைத்துக்கொண்டால் ஊர்ப் பொங்கலும் தப்பும்.

பறை என்றதும் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எலியட்ஸ் கடற்கரையில் தை மாதத்து ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் பறை பேசும், மகுடமும் அப்படித்தான். பாதுகாப்புக் காரணம் சொல்லித் தீ மூட்ட விடாவிட்டால், எங்கேயும் எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கிற ஃபைபர் பறையைத்தான் எடுத்துவருவார்கள். அது கைக்கு வசதி. காதுக்கு எனக்கு ஒத்துவரவில்லை. மேடைக்குப் பின்னால் நான்கு செங்கல், இரண்டு கட்டு வைக்கோல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு தீயணைப்புக்காரர். இவ்வளவுதான் செலவு. வில்லுப்பாட்டுக்கு ஆளுக்கொரு மைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், குடத்தின் வாய்க்கு ஒன்றும் வில்லின் மணிகளுக்கு ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் பட்டியல்களை வாங்கிக்கொள்ள ஒரு முகவரி வேண்டும். பிடித்த கலைஞர் யார் என்று மட்டும் கேட்டால் மறுபடி அந்தப் பத்துப் பெயர்தான் வரும். எந்த ஊரில், எந்தத் திருவிழாவில், என்ன கேட்டீர்கள், பாடியவரின் ஊர் எது என்று கேளுங்கள். ‘பெயர் தெரியவில்லை, மாசிக் கொடையில் உடுக்கை அடித்த பெரியவர்’ என்று எழுதினால் அதையும் ஏற்றுக்கொண்டு, அந்த மாவட்டக் கலை மன்றத்துக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். பட்டியலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று விழா முடிந்ததும் இரண்டு வரி போட்டால், அடுத்த வருடம் நாங்களும் பொறுப்பாக எழுதுவோம்.

இப்படிக்கு,
பாயில் இடம் பிடிக்கக் காத்திருக்கும் ரசிகர்களில் ஒருவர்

பி.கு.: தேவராட்டத்தை மறந்துவிட்டேன். ஜமீன் கோடாங்கிப்பட்டிக் குழுவை அழைத்தால் தேவதுந்துபி வாசிக்கிறவரை ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் மேடைக்கு முன்னால் நிறுத்துங்கள். அவர் பெயரையும் போடுங்கள்.